பிடித்ததை விடாத பிரேக்!

பிரேக் என்றால் பிடிக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். பிடித்ததை உடனே விடவும் வேண்டும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? எங்கள் கார் அந்தப் பாடத்தை எனக்குப் போதித்தது.

கோடை விடுமுறைக்கு ஏற்காடு போவதாக ஏற்பாடு. நாங்கள் இருவர், குழந்தைகள் இருவர், மாமியார் ஆக ஐந்து பேர். சேலத்திலிருந்து ஏறும் மலைப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏற எஞ்சின் போதும். இறங்கும்போது பிரேக்கை நம்பித்தான் ஆக வேண்டும்.

புறப்பட ஒரு வாரம் இருந்தது. கடைக்குப் போய்த் திரும்பியதும் முன்பக்கத்தில் ஒரு தீய்ந்த வாடை. இருபது வருஷம் அடுப்பங்கரையில் நின்றவளுக்கு அந்த வாடை தப்புமா? இடது சக்கரத்தருகே குனிந்தேன். கிட்டே கையைக் கொண்டு போனதுமே காய்ந்த தோசைக் கல்லைப் போல அனல் அடித்தது. வலது சக்கரமோ வெதுவெதுப்பாக, சாதுவாக இருந்தது. இடது சக்கரத்தில் கறுப்புப் பொடி வேறு அப்பியிருந்தது.

"இடது பக்கமாகக் கொஞ்சம் இழுக்கிறது. டயரில் காற்றுக் குறைச்சல், அவ்வளவுதான்" என்றார் அவர். காற்று அடித்தாயிற்று. வண்டி அப்புறமும் இடது பக்கமே இழுத்தது. "மலைக்குப் போகிற வண்டி. பாய் ஒரு தடவை பார்க்கட்டும்" என்று நான் விடாப்பிடியாக நின்றேன்.

எங்கள் தெருக்கோடி மெக்கானிக் பாய், தலை நரைத்தவர். விஷயத்தைக் கேட்டதும், "பிரேக் பிடிக்கலேன்னாத்தான் எல்லாரும் ஓடி வர்றாங்க, அம்மா. பிடிச்சது விடலேன்னா யாரும் வர்றதில்லே. ரெண்டும் ஆபத்துதான்" என்றார்.

அவர் வேலை செய்ததை ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். ஜாக்கியில் வண்டியைத் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுழற்றினார். வலது சக்கரம் ராட்டினம் போலச் சுற்றியது. இடது சக்கரம் முனகிக்கொண்டு நின்றுவிட்டது.

சக்கரத்தோடு சுழல்வது டிஸ்க் என்ற இரும்புத் தட்டு. அதைக் கிட்டி போல இரு பக்கமும் கவ்வுவது காலிப்பர். காலால் மிதித்ததும் பிரேக் ஆயிலின் அழுத்தம் காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ள, அது 'பேட்' என்ற கட்டைகளை டிஸ்க்கின் மேல் அழுத்துகிறது. இந்த யோசனைக்கு இங்கிலாந்தில் ஃபிரெடரிக் லாஞ்செஸ்டர் 1902-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். 1953-ல் பிரான்ஸின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் ஜெயித்த பிறகுதான் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது.

காலை எடுத்ததும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பது எது? ஸ்பிரிங் என்று நினைத்தேன். இல்லையாம்! பிஸ்டனைச் சுற்றியுள்ள ஒரு ரப்பர் வளையம்தானாம். அழுத்தத்தில் சற்றே வளைந்து கொடுத்து, அழுத்தம் போனதும் நிமிர்ந்து பிஸ்டனையும் கூட இழுத்துக்கொள்கிறது. அந்த மயிரிழை இடைவெளியில்தான் சக்கரத்தின் சுதந்திரம் இருக்கிறது.

குற்றவாளி காலிப்பரா, ஆயில் வரும் ரப்பர்க் குழாயா என்று பார்க்க வேண்டும். குழாய் உள்ளே உப்பி அடைத்துக்கொண்டால், போன ஆயில் திரும்பி வராது. பாய் காலிப்பரிலுள்ள நிப்பிளைச் சற்றுத் திறந்தார். சிறிது ஆயில் கசிந்தது. சக்கரம் மட்டும் இளகவில்லை. "குழாய் அடைச்சிருந்தா, இப்ப சக்கரம் விட்டிருக்கணும். கோளாறு காலிப்பர்லேதான்" என்றார்.

கழற்றிய காலிப்பரைக் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வைத்தார். காலிப்பர் நகரும் ஊசிகள் சரியாகவே வழுக்கின. பிஸ்டனின் ரப்பர் உறைதான் கிழிந்திருந்தது. அதன் வழியே தண்ணீர் புகுந்து பிஸ்டனில் துரு ஏறி, குழி விழுந்திருந்தது. "உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போதாதா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். "குழி விழுந்த பிஸ்டன் புது ரப்பரையும் கிழிச்சுடும், ஸார்" என்று மறுத்துவிட்டார் பாய்.

புதுப் பிஸ்டன், வளையம், உறை எல்லாம் வந்தன. ஊசிகளுக்குச் சாதாரண கிரீஸ் பூசவில்லை. அது ரப்பரை உப்ப வைத்துவிடுமாம். பிரேக்குக்கென்றே உள்ள சிலிக்கோன் கிரீஸ்தான் பூசினார். ஒரு பக்கப் பேட் தேய்ந்தாலும் இரு பக்கமும் சேர்த்து மாற்றினார். இல்லாவிட்டால் பிரேக் சமமாகப் பிடிக்காது. டிஸ்க்கின் தடிமனை அளந்து, அதிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட்டார். கடைசியில் பழைய ஆயிலை வடித்து, புது ஆயில் விட்டு, குழாயிலிருந்த காற்றையெல்லாம் வெளியேற்றினார்.

"ஆயிலையும் ஏன் மாற்ற வேண்டும்?" என்றேன்.

"அது காத்திலே இருக்கிற ஈரத்தைக் குடிக்கும், அம்மா!"

இதுதான் என்னை நடுங்க வைத்தது. டாட் 3 என்ற வகைப் புது ஆயில் 205 டிகிரி செல்ஷியஸ் வரையிலாவது கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் குடித்த பிறகோ அந்த வரம்பு 140 டிகிரிதான். விடாத பிரேக்கின் சூட்டில் ஆயில் கொதித்துக் குமிழியிட்டால், மிதிக்கும் கால் குமிழியைத்தான் நசுக்கும், பிரேக் பிடிக்காது. அது பதினைந்தாவது வளைவில் நடந்திருந்தால்?

சகோதரிகளே, ஸ்பானரைக் கையில் எடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பிரேக் வேலை தெரிந்தவர்களுக்கே உரியது. ஆனால் மூக்கும் கண்ணும் நமக்கும் உண்டே! தீய்ந்த வாடை, ஒரு சக்கரத்தில் மட்டும் அனல், ஒரு பக்கம் இழுக்கும் வண்டி, காரணமின்றிக் கூடும் பெட்ரோல் செலவு: இவற்றில் ஒன்று தென்பட்டாலும் ஊர்ப் பயணத்தை ஒத்திப் போடுங்கள். சூட்டைப் பார்க்கச் சக்கரத்தைத் தொட்டுவிடாதீர்கள். கிட்டே கையைக் காட்டினாலே போதும். வேலை முடிந்த வண்டியை நகர்த்துமுன், மிதி கெட்டியாகும் வரை பிரேக்கைப் பலமுறை மிதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது வண்டியைச் சின்னக் கியரிலேயே விட்டு, பிரேக்கை அளவோடு தொட்டுக்கொண்டு வந்தார் அவர். அடிவாரத்தில் இறங்கிப் பார்த்தேன். இரண்டு முன்சக்கரங்களிலும் ஒரே அளவு சூடு. மாமியார் பின்சீட்டில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.