டாம் அண்ட் ஜெர்ரியில் பேசினது யாரு?

1/ போன வாரம் ஓபியில் ஒரு அம்மா. மடியில் ரெண்டரை வயசுப் பையன், அவன் கையில் போன். "இன்னும் பேச்சு வரல்ல டாக்டர். 'ம்மா'ன்னு மட்டும் சொல்லுவான்." போனில் என்ன பார்ப்பான்னு கேட்டேன். "டாம் அண்ட் ஜெர்ரிதான். கெட்டது ஒண்ணும் இல்லியே. நாங்களும் அதைப் பார்த்துத்தானே வளர்ந்தோம்?"

2/ சட்டுன்னு பதில் வரல. நானும் அதைப் பார்த்து வளர்ந்தவன்தான். அப்போ எனக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம்? அதுக்குத்தான் இந்த இழை. (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாத்தியிருக்கேன்.)

3/ நாகர்கோவில் பக்கம் வளர்ந்தவங்களுக்குத் தெரியும். ஆன்டெனா திருவனந்தபுரத்தைப் பார்த்து நிக்கும். மலையாளம் வரும், தில்லியிலிருந்து இந்தி வரும். அப்புறம் கேபிள். 1995ல் இந்தியாவுக்கு வந்த கார்ட்டூன் நெட்வொர்க் பேசினது இங்கிலீஷ். எங்க வீட்டில் யாருக்கும் சரியாப் புரியாது. டாம் அண்ட் ஜெர்ரிக்கு மட்டும் எந்தப் பாஷையும் வேண்டாம்.

4/ அது டிவிக்காக எடுத்ததே இல்ல. 1940 முதல் 1958 வரை ஹன்னாவும் பார்பெராவும் எம்ஜிஎம்முக்காக எடுத்த 114 குறும்படங்கள். 7 ஆஸ்கர். ஒவ்வொண்ணும் ஏழெட்டு நிமிஷம். பேச்சு ரொம்பக் கம்மி. பூனை எடுத்து வைக்கிற அடிக்கெல்லாம் ஸ்காட் பிராட்லியோட இசைதான் பேசும். தியேட்டரில் கூட்டமா உக்கார்ந்து சிரிக்கறதுக்குன்னே எடுத்தது.

5/ எங்க வீட்டுக் கூட்டம்: நான், தங்கச்சி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், சாய்வு நாற்காலியில் பாட்டா. பாட்டா சும்மா பார்க்க மாட்டார். "லேய், பொறத்தால நாய் நிக்கு பாரு!" "எலி எங்கலே போச்சு?" "சட்டிக்குள்ள பாட்டா!"ன்னு நாங்க கத்துவோம். அடுப்படியிலிருந்து அம்மா "என்னத்துக்கு இந்தச் சிரிப்பு?"ன்னு கேப்பா. நடந்த கதையை முதலில் இருந்து சொல்லணும்.

6/ இதைக் கவனிங்க. டிவிக்குள்ள பேச்சு இல்ல. ஆனா அறை முழுக்கப் பேச்சு. அத்தனையும் எங்க வாயிலிருந்து வந்தது.

7/ ராத்திரி 9 மணி ஆனா கார்ட்டூன் நின்னுடும். அதே சேனலில் டிஎன்டி, பழைய இங்கிலீஷ் படம். அழுதாலும் எலி வராது. எழுந்து சாப்பிடப் போவோம். இப்போ போனில் ஒண்ணு முடியறதுக்குள்ள அடுத்தது தயார். 'முடிஞ்சுது, எந்திரி'ன்னு சொல்ல யாரும் இல்ல.

8/ பேச்சுங்கறது ஒரு கொடுக்கல் வாங்கல். பிள்ளை கையை நீட்டிக் காட்டும், நீங்க பேர் சொல்லுவீங்க. அது 'பூ'ன்னும், நீங்க "ஆமா மக்ளே, பூனை!"ம்பீங்க. போன் கொடுத்துக்கிட்டே இருக்கும். ஒருநாளும் வாங்காது.

9/ இதை அந்த அம்மாகிட்ட சொன்னேன். அவங்க சொன்னது: "வீட்ல யாரு டாக்டர் இருக்கா? அவரு கத்தார்ல. நான் ஒருத்திதான். ஒரு வாய் சோறு ஊட்டணும்னா இந்தப் போன்தான்." அவங்களைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வரல. கார்ட்டூன் அதேதான் இருக்கு. அந்தக் கூட்டம்தான் இல்ல.

10/ உலக சுகாதார நிறுவனம் 2019ல் சொன்னது: 2 வயசு ஆகும்வரை திரை வேண்டாம். 2 முதல் 4 வயசு வரை நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல கூடாது, குறைஞ்சா இன்னும் நல்லது. கத்தாரிலிருந்து அப்பா வீடியோ காலில் பேசறது வேற கணக்கு. அது திருப்பிப் பேசுற திரை. தாராளமாப் பேசட்டும்.

11/ ஆனா போன்தான் காரணம்னு நீங்களே முடிவு கட்டிடாதீங்க. 2 வயசாகியும் ரெண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லலேன்னா, பேர் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்பலேன்னா, டாக்டர்கிட்ட காட்டுங்க. முதல் வேலை காது கேக்குதான்னு பரிசோதிக்கிறது. "இவன் அப்பனும் லேட்டாத்தான் பேசினான்"ன்னு காத்திருக்காதீங்க. அந்தப் பையனுக்கும் முதலில் எழுதிக் கொடுத்தது காது பரிசோதனைதான்.

12/ அவங்களால முடியற மாதிரி ரெண்டே விஷயம் சொன்னேன். சாப்பிடும்போது போன் வேண்டாம். பசிச்சா ரெண்டு வாய் குறைச்சலாத் தின்னாலும் தின்னுவான். பார்க்கிற நேரத்தில் பெரிய திரையில், ரெண்டு படம், நீங்க பக்கத்தில் இருந்து கத்தணும். வாயை மூடிட்டு உக்காரக் கூடாது.

13/ நானும் யோக்கியம் இல்ல. என் பிள்ளை கார்ட்டூன் பார்க்க, பக்கத்தில் நான் வாட்ஸ்அப் பார்த்த நாள் எத்தனையோ. நேத்து போனை வெச்சுட்டு உக்கார்ந்தேன். அந்த நாய் வந்துச்சு. என்னை அறியாம, "லேய், பொறத்தால நாய் நிக்கு பாரு!"

பிள்ளை டிவியைப் பார்க்கல. என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிச்சுது.

14/ உங்க வீட்டில் அப்போ கத்தினது யாரு? இப்போ கத்தறது யாரு? கீழே சொல்லுங்க.