வெண்பன்றிக்கு மானியம், கரும்பன்றிக்கு வலை

ஒரே விலங்கை வைத்து நம் ஊரில் இரண்டு தொழில்கள் நடக்கின்றன. ஒன்றின் பெயர் 'வெண்பன்றி வளர்ப்பு'. அதற்குப் பயிற்சி முகாம் உண்டு, மானியம் உண்டு, பத்திரிகையில் படமும் உண்டு. இன்னொன்றின் பெயர் 'பன்னி மேய்க்கிறது'. அதற்கு வசவு உண்டு, பிடிக்க வண்டியும் வலையும் உண்டு. முதலாவதைச் செய்பவர் தொழில்முனைவோர். இரண்டாவதைச் செய்பவரின் சாதியைக் கேட்காமலே ஊர் சொல்லிவிடும்.

திண்டுக்கல்லில் தூய்மைப் பணியாளர் குடியிருப்புகளில் நாங்கள் வேலை செய்கிறோம். அங்கே சில குடும்பங்களுக்கு நாலைந்து பன்றிகள்தான் சேமிப்பு. பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணமா, திடீர் ஆஸ்பத்திரிச் செலவா, ஒன்றை விற்றுச் சமாளிப்பார்கள். 'மாமன்னன்' படத்தில் 2023இல் நாயகன் பன்றி வளர்த்ததைப் பார்த்துத் திரையரங்கில் விசில் அடித்த பிள்ளைகள், கல்லூரியில் அதைச் சொல்ல இன்னமும் கூசுகிறார்கள்.

அந்தக் கூச்சத்தைப் பேசித் தீர்க்கப் பார்த்தோம், தீரவில்லை. தீவனக் கணக்குப் போட உட்கார்ந்தபோதுதான் வேறு மாதிரி பேச்சு தொடங்கியது.

பிரியாணிக்குப் பேர்போன ஊர் இது. ஓட்டலில் மிஞ்சும் சோறும் காய்கறிக் கழிவும்தான் இங்கே முக்கியத் தீவனம். கால்நடை அறிவியல் சொல்லும் பொதுவான அளவு இது: பால் மறக்கும் குட்டியின் தீவனத்தில் 20 முதல் 22 சதவீதம் புரதம் வேண்டும், வளரும் பன்றிக்கு 18, விற்பனைக்குத் தயாராகும் பன்றிக்கு 16 போதும். 50 கிலோ எடையுள்ள பன்றி நாளொன்றுக்கு இரண்டு கிலோ உலர்தீவனம் தின்றால், 360 கிராம் புரதம் கிடைக்க வேண்டும். ஒரு கிலோ சோற்றில் இருப்பதோ ஏறத்தாழ 25 கிராம். 360 கிராமுக்கு 14 கிலோ சோறு தின்ன வேண்டும். எந்தப் பன்றியும் தின்னாது. தின்ற மட்டிலும் கொழுப்பாகப் போகும், சதை பிடிக்காது. "எங்க பன்னி ஏன் ஒரு வருசமாகியும் தேறல?" என்ற கேள்விக்கு விடை வளர்ப்பவரின் சோம்பலில் இல்லை, வாளியில் இருந்தது.

சுற்றுவட்டாரத்தில் மக்காச்சோளம் விளைகிறது. 100 கிலோ தீவனத்துக்கு மக்காச்சோளம் 50, தவிடு 22, சோயாப் புண்ணாக்கு 25, தாது உப்புக் கலவை இரண்டரை, சாதா உப்பு அரை கிலோ. கூட்டிப் பார்த்தால் புரதம் 18 சதவீதம் சொச்சம் வருகிறது. சோயாவுக்குப் பதில் கடலைப் புண்ணாக்கு போட்டாலும் புரத எண் பெரிதாகக் குறையாது. ஆனால் லைசின் என்ற அமினோ அமிலம் 0.9 சதவீதத்திலிருந்து 0.6 சதவீதத்துக்கு இறங்கிவிடும். தானியத் தீவனத்தில் முதலில் பற்றாமல் போவது அதுதான். அது பற்றாவிட்டால் மற்றப் புரதம் எவ்வளவு இருந்தும் உடலில் ஒட்டாது.

இதற்கு அடுத்த படிதான் 'துல்லியத் தீவனம்'. கனடா போன்ற நாடுகளில் பன்றியின் காதில் மின்னணு வில்லை மாட்டி, ஒவ்வொன்றின் எடையையும் தீனியையும் கணினி கணக்கிட்டு, அன்றன்றைக்கு வேண்டிய கலவையை மட்டும் தருகிறது. லைசின் செலவு கால் பங்கு வரை குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. இதை விளக்கிக்கொண்டிருந்தபோது ஓர் அம்மா இடைமறித்தார்: "ஈனுனதுக்கும் ஈனாததுக்கும் ஒரே அளவா ஊத்துவாக? இதுக்கு மிசினு வேறயா?" பாலூட்டும் தாய்க்கு அடிப்படைத் தீவனத்தோடு குட்டி ஒன்றுக்குக் கால் முதல் அரை கிலோ வரை கூட்ட வேண்டும் என்கிறது பாடநூல். அவர் குட்டிகளை எண்ணித்தான் ஊற்றிக்கொண்டிருந்தார். அவரிடம் கவனிப்பு இருந்தது, புரதம் வாங்கக் காசு இல்லை.

நாற்றத்துக்கும் இதே கணக்கில் விடை இருக்கிறது. உடல் பயன்படுத்த முடியாத புரதம் சிறுநீரில் யூரியாவாக வெளியேறி, அம்மோனியாவாக மாறி மூக்கைத் துளைக்கிறது. தேவைக்கு மேல் கொடுத்த புரதத்தை ஒரு சதவீதப் புள்ளி குறைத்தால் அம்மோனியா ஏறத்தாழ பத்து சதவீதம் குறையும். நாடாப்புழுவும் அப்படித்தான். அதன் முட்டைகள் மனித மலத்திலிருந்து பன்றிக்குப் போகின்றன. கழிப்பறையும் சாக்கடையும் கட்டித் தராத குற்றத்தைப் பன்றியின் மீதும் அதை வளர்ப்பவர் மீதும் ஏற்றிவிட்டார்கள். கொட்டகையும் சரியான தீவனமும் இருந்தால் இரண்டும் பெருமளவு தீரும்.

ஆனால் கொட்டகைக்கு நிலம் வேண்டுமே? தேசியக் கால்நடை இயக்கம் 2021இல் மாற்றியமைக்கப்பட்டபோது, 100 தாய்ப்பன்றிகளும் 10 கிடாக்களும் கொண்ட பண்ணைக்கு 50 சதவீத மூலதன மானியம், அதிகபட்சம் 30 லட்சம் ரூபாய் என்று அறிவித்தார்கள். மீதிப் பாதிக்கு வங்கிக் கடனோ கைப்பணமோ காட்ட வேண்டும். சொந்த நிலமோ குத்தகை நிலமோ வேண்டும். எங்களோடு கடன் கேட்டு வந்த ஓர் இளைஞரிடம் வங்கிக் கிளை ஒன்றில் முதலில் கேட்டது பட்டா. குடியிருப்பு வீட்டுக்கே பட்டா இல்லாதவரிடம்! 1892இல் ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலங்கள் கைமாறிப்போன தமிழ்நாட்டில், தலைமுறையாகப் பன்றி வளர்த்தவரைவிட நிலம் வைத்திருப்பவருக்கே பன்றிப் பண்ணை எளிது. தொழிலிலிருந்து இழிவு நீங்குகிற நேரத்தில் தொழிலும் நம் கையைவிட்டுப் போகிறது.

எல்லாரும் பன்றி வளர்க்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. பிறப்பால் திணித்த எந்த வேலையையும் விட்டு வெளியேறுவது உரிமை. விரும்பித் தொடர்கிறவர் லாபத்தோடும் மரியாதையோடும் தொடர்வதும் உரிமைதான்.

ஆகவே கேட்கிறோம். இரண்டு தாய்ப்பன்றி வைத்திருப்பவருக்கும் மானியம் வேண்டும். குடியிருப்பிலிருந்து தள்ளி, மாநகராட்சி நிலத்தில் பொதுக் கொட்டகைகள் வேண்டும். ஓட்டல் கழிவைக் கொதிக்க வைத்துத் தரப் பொதுக் கொப்பரை வேண்டும். 2020 முதல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இந்தியாவில் பரவிவருகிறது. வேக வைக்காத எச்சில் சோறு அதற்கு ஒரு வழி. திண்டுக்கல்லிலேயே கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் இருக்கிறது. அந்த வகுப்பைக் குடியிருப்புக்குள், வேலை முடிந்த மாலை நேரத்தில் நடத்த வேண்டும். வலையோடு வண்டி அனுப்ப முடிகிற நிர்வாகத்தால் ஒரு தராசும் தீவனம் கலக்கும் இயந்திரமும் அனுப்ப முடியும்.