நீலம் எளிது, புகைதான் கஷ்டம்

சினிமாவில் சக்தி என்றால் நீலம். கதாநாயகன் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து நீட்டுவான்; நடுவில் ஒரு பந்து திரண்டு, எதிராளியின் நெஞ்சில் போய் வெடிக்கும். அந்தப் பந்தைச் செய்து காட்சியோடு ஒட்டுவதுதான் என் பிழைப்பு. டிராகன் பால் அனிமே பார்த்து வளர்ந்த இயக்குநர்கள் கேட்பதெல்லாம் நீலம்தான். எனக்கு அது ஒரு ஸ்லைடரை நகர்த்துகிற வேலை. சிவகாசிப் பக்கம் ஃபேன்சி ரகப் பட்டாசு செய்கிற ஃபோர்மேன் யாரிடமாவது இதைச் சொன்னால் சிரிப்பார். சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், மஞ்சளுக்குச் சோடியம், வெள்ளைக்கு அலுமினியப் பவுடர் என்று ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு மருந்து உண்டு. நீலத்துக்குத் தாமிரம். ஆனால் சூடு கொஞ்சம் ஏறினாலும் அந்த நீலத்தைத் தருகிற தாமிரக் குளோரைடு சிதைந்து நிறம் வெளிறிவிடும். சூட்டைக் குறைத்தால் வெளிச்சம் மங்கும். பச்சைக்கு வேறு வம்பு. பேரியம் உப்பை, அதாவது ஊரில் சொல்கிற பச்சை உப்பை, 2018இல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. என் திரையில் எந்த நிறத்துக்கும் லைசென்ஸ் வேண்டாம்.

ஆனாலும் அந்தப் பந்து முழுக்கக் கம்ப்யூட்டரில் பிறப்பதில்லை. இரவில் மொட்டை மாடியில் கறுப்புத் துணி கட்டி, கம்பி மத்தாப்பையும் புஸ்வாணத்தையும் கொளுத்திப் படம் பிடிப்பேன். கேமராவின் ஆட்டோ எக்ஸ்போஷரை அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் பொறி எழும்போதெல்லாம் அது பதறிக்கொண்டு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும். காற்று துணியின் பக்கம் வீசக் கூடாது. அந்தக் காட்சியை நியூக் போன்ற கம்பாசிட்டிங் சாஃப்ட்வேரில் நடிகர் நிற்கும் காட்சியின் மேல் வைத்து, பிளஸ் (கூட்டல்) என்று கொடுத்தால் போதும். கறுப்பு என்பது சுழியம். சுழியத்தைக் கூட்டினால் கீழே இருப்பது அப்படியே இருக்கும். பொறி மட்டும் மிஞ்சும், துணி காணாமல் போகும். புராணப் படங்களில் அம்பும் அம்பும் வானத்தில் மோதிப் பொறி பறந்ததற்குப் பின்னால் இருந்த வித்தைகளில் ஒன்றும் இதுதான். ஒருமுறை படம் பிடித்த ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, கறுப்புத் திரைக்கு முன்னால் இன்னொரு முறை வெளிச்சம் காட்டினார்கள். அவர்கள் கேமராவுக்குள் செய்த கூட்டலை நான் நாற்காலியில் உட்கார்ந்தபடி செய்கிறேன்.

புஸ்வாணத்தைத் தலைகீழாக ஓட்டினால் பொறிகள் வெளியே தெறிக்காமல் உள்ளே வந்து சேரும். நாயகன் சக்தியைத் திரட்டுகிற கட்டத்துக்கு அதைவிடப் பொருத்தமான சரக்கு வேறில்லை. சின்னப் பொறியைப் பெரிய வெடிப்பாகக் காட்ட வேண்டுமென்றால் மெதுவாக ஓட்ட வேண்டும். நான்கு மடங்கு பெரிதாகத் தெரிய இரண்டு மடங்கு மெதுவாக. கீழே விழுகிற பொருளின் கணக்கு அது. பந்தின் நடுப்பகுதிக்கு நிறம் கொடுக்கவே கூடாது, வெள்ளையாக எரிந்துபோக வேண்டும். நீலம் ஓரத்தில் மட்டும். புதிதாக வருகிற பையன்கள் முழுவதையும் நீலமாக அடித்துவிட்டு ஏன் ரப்பர் பந்துபோல் இருக்கிறது என்று கேட்பார்கள்.

ஒரு பொங்கல் லீவில் லேப்டாப்பில் இப்படி ஒரு ஷாட் ஓடிக்கொண்டிருந்தது. மதினி எட்டிப் பார்த்தார்கள். பல வருடம் சரவெடி பின்னிய கை அவர்களுடையது. நான் பாராட்டை எதிர்பார்த்து நின்றேன். "ஏன் தம்பி, இம்புட்டு வெடிக்குது, புகையவே காணமே?" என்றார்கள்.

என் தொழிலின் பலவீனத்தில் சரியாக விரல் வைத்துவிட்டார்கள். கூட்டலில் வெளிச்சம் மட்டும்தான் வரும். புகை வெளிச்சமல்ல, பின்னால் இருப்பதை மறைக்கிற பொருள். அதற்கு எந்தப் புள்ளியில் எவ்வளவு மறைக்க வேண்டும் என்று சொல்கிற ஆல்ஃபா என்ற தனிக் கணக்கு வேண்டும். 1984இல் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் அந்தக் கணக்கை ஒழுங்குபடுத்தி எழுதினார்கள். இன்றைய கம்பாசிட்டிங் சாஃப்ட்வேர்கள் அதன் மேல்தான் நிற்கின்றன. புகைக்கு நிழல் உண்டு, அடர்த்தி உண்டு, அது நகர்ந்தபிறகு பின்னால் சுவர் மறுபடி தெரிய வேண்டும். பந்தை ஒரு மத்தியானத்தில் முடித்துவிடுவேன். புகைக்கு ஒரு வாரம் போகும்.

வெளிச்சத்தைக் கூட்டுவது, வெளிச்சத்தை மறைப்பது என்ற இந்த இரண்டு கணக்கும் சிவகாசியில் எப்போதோ அடுத்தடுத்த தெருவில் இருந்தவை. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்றுதான் அச்சுத் தொழில் அங்கே வேர்பிடித்தது. பட்டாசு அதன் பின்னால் வந்தது. பட்டாசில் வெளிச்சத்தோடு வெளிச்சம் சேரச் சேர வெள்ளை. அச்சில் மையின் மேல் மை ஏற ஏறக் கறுப்பு. என் சாஃப்ட்வேரில் பிளஸ் என்றும் மல்டிப்ளை என்றும் இருப்பவை இவைதான். பழைய ராக்கெட் பாக்கெட்டின் லேபிளை உற்றுப் பாருங்கள்: வெடிப்பின் நடுவில் மையே இருக்காது, வெறும் காகிதம். காகிதத்தைவிட வெள்ளையாக எதையும் அச்சடிக்க முடியாதென்று தெரிந்த ஓவியர், வானத்தைக் கருநீலமாக இறக்கிக் காகிதத்தை எரியவிட்டிருப்பார். அதைப் பார்த்தபிறகு நானும் பந்தின் பிரகாசத்தை ஏற்றுவதை விட்டுவிட்டேன். வெடிக்கிற இரண்டு ஃபிரேமில் முகத்தின் ஒரு பக்கத்தை வெளிச்சத்தில் வெளிற வைப்பேன், பின்சுவரை இருட்டுவேன். பந்து அதே பந்துதான். ஆனால் இயக்குநர் "இப்ப சரியா இருக்கு ப்ரோ" என்பார்.

மதினி புகையைக் கேட்டது அழகுக்காக இல்லை. எங்கள் பக்கத்துப் பட்டாசு ஆலை விபத்துகள் பெரும்பாலும் வேலை நேரத்தில், பகலில் நடப்பவை. விருதுநகர் வெயிலில் எந்த வெளிச்சம் தெரியும்? முதலில் ஜன்னல் அதிரும். மொட்டை மாடிக்கு ஓடுவார்கள். சாத்தூர்ப் பக்கமா, வெம்பக்கோட்டையா என்று புகையைப் பார்த்துத்தான் சொல்வார்கள். அந்தத் திசையில் வேலைக்குப் போனது யார் என்ற நினைப்பு அதோடு சேர்ந்தே வரும். ஒலி ஒரு கிலோமீட்டர் வர மூன்று விநாடி ஆகும். ஆனால் சினிமாவில் வெளிச்சமும் சத்தமும் ஒரே ஃபிரேமில் வந்து விழும். அதை நான் மாற்றச் சொன்னதில்லை, மாற்றினால் படம் பிசகியதுபோல் இருக்கும்.

ஒரு ஸ்டுடியோவில் அப்படி ஒரு விபத்தின் செல்போன் வீடியோவைக் கொடுத்து, "அந்தப் புகையை அப்படியே வெட்டி எடுத்துக்கலாமே" என்றார்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டு, கம்ப்யூட்டரிலேயே புகையை உருவாக்கிக் கொடுத்தேன். சிறப்பாக வரவில்லைதான்.

வேறொரு படத்தில் இரண்டாவது வெடிப்பு கேட்டார்கள். முதல் வெடிப்பு அடங்கி, ஆட்கள் நெருங்கி வருகிற நேரத்தில் இன்னொன்று வர வேண்டுமாம். திரைக்கதையில் அது நல்ல உத்திதான். ஆனால் 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்கு அருகில் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அவர்களில் காப்பாற்ற ஓடிவந்தவர்களும் உண்டு, வேடிக்கை பார்க்க வந்தவர்களும் உண்டு. இதை இயக்குநரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஷாட்டை நீக்கவில்லை, ஆட்களை மட்டும் கொஞ்சம் தள்ளி நிற்க வைத்தார். நானும் செய்து கொடுத்தேன். புகை அதில் நன்றாகவே வந்திருந்தது. படம் வெளியானபோது அந்த இடத்தில்தான் விசில் பறந்தது, சாத்தூரிலும்.