ஓதவா, படிக்கவா?



ஓ.எல். பரீட்சை முடிந்தால் பெற்றார் என்னிடம் கேட்பது இதைத்தான்: "சேர், மகன ஓதப் போடுவமா, ஏ.எல். படிக்க விடுவமா?" இரண்டில் ஒன்றுதான் என்று யார் முடிவு செய்தது?

ஒக்ஸ்போர்டில் இதே பிரச்சினை இருந்தது. அங்கிலிக்கன் சபைக்காரர் அல்லாதோருக்கு அங்கே கதவு முழுதாகத் திறந்தது 1871ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான். அப்போதும் கத்தோலிக்கப் பிள்ளைகள் போகவில்லை. தடுத்தது அவர்களது சொந்த ஆயர்கள். நமது பாஷையில் சொன்னால், ஈமான் போய்விடும் என்ற பயம். (சித்திலெப்பை காலத்தில் நம் மூத்தவர்களுக்கு மிஷன் பள்ளிக்கூடங்கள் மேல் இருந்த அதே பயம்.) அந்தத் தடை 1895இல் நீங்கியது.

பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த இடம். பிள்ளைகளைத் தனியே அனுப்பிவிட்டுக் கையை விரிக்கவில்லை. சபைகளும் கூடவே போயின. 1896இல் இயேசு சபையார் ஒரு வீடு எடுத்தார்கள். இன்று அதன் பெயர் கெம்பியன் ஹோல். 1581இல் ராஜதுரோகி என்று தூக்கிலிடப்பட்ட பாதிரியாரின் பெயர் அது. 1897இல் அம்பிள்ஃபோர்த் மடத்துத் துறவிகளும் வந்தார்கள். அவர்களது வீடு சென் பெனட்ஸ் ஹோல். விரிவுரை, பரீட்சை, பட்டம் எல்லாம் பல்கலைக்கழகத்துடையது. படுக்கை, சாப்பாடு, வணக்கம், பக்கத்திலிருந்து பாடம் சொல்லித்தருவது ஹோலுடையது. பெரும்பாலான கல்லூரிகளில் ஆசிரியர்களுக்கு உயர்ந்த மேசை தனியாக இருக்கும். சென் பெனட்ஸில் துறவியும் மாணவனும் ஒரே மேசையில். சஹனில் சாப்பிடும் நமக்கு அதன் அருமை தெரியும்.

ஆனால் பாருங்கள், அந்த ஹோல் 2022இல் மூடப்பட்டது. மார்க்கத்தில் குறையென்று யாரும் சொல்லவில்லை. பணநிலை உறுதியில்லை என்று பல்கலைக்கழகம் அனுமதியைப் புதுப்பிக்கவில்லை. நல்லவேளை, இருந்த மாணவர்களை வேறு கல்லூரிகள் ஏற்றுக்கொண்டன. நூற்றி இருபத்தைந்து வருட வீடு. நிய்யத் நல்லதாக இருந்தும் கணக்குக் காப்பாற்றவில்லை.

நம் நாட்டிலும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. நளீம் ஹாஜியார் 1973இல் பேருவளையில் தொடங்கிய ஜாமிஆ நளீமிய்யாவில் ஓதுவதும் பட்டப்படிப்பும் ஒன்றாகப் போகின்றன. எல்லா ஊரிலும் நளீமிய்யா கட்ட முடியாது, சரி. ஆனால் பிள்ளையை மத்ரஸாவில் சேர்க்கப் போகும்போது மூன்று கேள்வி கேட்கலாம். ஏ.எல். எழுத விடுவீர்களா? கட்டடம் யார் பெயரில்? கணக்கை யார் பார்க்கிறார்? முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.