அப்பத்தாவின் வலக்கை

எங்கள் ஊர் குடுமியான்மலை. புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தூரம். மேலைக்கோயில் குகையை ஒட்டிய பாறையில் உள்ள இசைக் கல்வெட்டைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ அறிஞர்கள் வருகிறார்கள். கி.பி. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அந்த எழுத்துகளை என் அப்பத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும், "நம்ம ஊருப் பாட்டு, தாயி" என்று பெருமையோடு எனக்குக் காட்டுவார்கள்.

சென்ற ஆண்டு அரையாண்டுத் தேர்வு நடந்த ஒரு நாள். காலை ஆறரை மணி. காப்பியை ஆற்றிக்கொண்டிருந்த அப்பத்தாவின் கையிலிருந்து டம்ளர் நழுவியது. என்னைக் கூப்பிட்டார்கள், சொல் குழறியது. "வெற்றிலையைத் துப்பிவிட்டுப் பேசுங்கள் அப்பத்தா" என்று சிரித்துவிட்டுப் பேருந்துக்கு ஓடினேன். அவர்கள் வாயில் அப்போது வெற்றிலை இல்லை.

பிற்பகல் இரண்டு மணிக்குத் திரும்பியபோது வீட்டில் கூட்டம். வாய் ஒரு புறம் கோணியிருந்தது. வலக்கையும் வலக்காலும் அசையவில்லை. "காற்றுப் பட்டிருக்கிறது" என்று ஒருவர் எண்ணெய் தேய்த்தார். "புறா இரத்தம் தடவினால் சரியாகும்" என்றார் இன்னொருவர். நான்தான் 108-க்குப் பேசினேன்.

மருத்துவமனையில் டாக்டர் முதலில் கேட்ட கேள்வி, "எத்தனை மணிக்கு ஆரம்பித்தது?" என்பதுதான். "மத்தியானம்" என்றார் அப்பா. எனக்கு நெஞ்சு அடைத்தது. "இல்லை டாக்டர், காலை ஆறரை மணிக்கு" என்று அழுதுகொண்டே சொன்னேன்.

டாக்டர் கோபிக்கவில்லை. பொறுமையாக விளக்கினார். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபட்டாலும், வெடித்தாலும் பக்கவாதம் வரும். எது என்று ஸ்கேன் எடுத்துத்தான் அறிய முடியும். அடைப்பாக இருந்தால், அதைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். மூளையின் இடப்பக்கமே வலக்கையை இயக்குகிறது. பெரும்பாலோருக்குப் பேச்சும் அங்கேதான் இருக்கிறது. அப்பத்தாவுக்கு இரண்டும் ஒன்றாகப் போனதன் காரணம் அதுதான்.

பிறகு அலமாரியைத் திறந்து பார்த்தோம். இரத்தக் கொதிப்பு மாத்திரைகள் பிரிக்கப்படாமல் அடுக்கியிருந்தன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து கொடுக்கப்பட்டவை. "உடம்புக்கு ஒன்றும் இல்லையே, எதற்கு மாத்திரை?" என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். இரத்தக் கொதிப்பு பெரும்பாலும் வலியோ அடையாளமோ காட்டாது என்பது எங்களுக்கும் அன்றுதான் தெரிந்தது.

2021-ஆம் ஆண்டில் உலகில் சுமார் 1 கோடியே 20 லட்சம் பேருக்குப் புதிதாகப் பக்கவாதம் வந்தது. 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இறந்தவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற வளரும் நாடுகளின் மக்கள். 32 நாடுகளில் நடந்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, பத்துக் காரணங்களே பத்தில் ஒன்பது பக்கவாதங்களோடு தொடர்புடையவை என்று காட்டியது. அவற்றில் முதன்மையானது இரத்தக் கொதிப்பு. புகை, மது, சர்க்கரை நோய், உடலுழைப்பின்மை ஆகியவையும் அப்பட்டியலில் உண்டு. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்புச் சேர்க்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் வீட்டிலோ ஊறுகாயும் கருவாடும் மோர்மிளகாயும் இல்லாத சாப்பாடே கிடையாது!

இப்போது அப்பத்தா ஊன்றுகோலுடன் நடக்கிறார்கள். இடக்கையால் சாப்பிடுகிறார்கள். நான் தினமும் மாலையில் அவர்களுடைய வலக்கையில் பந்தை வைத்து அமுக்கப் பழக்குகிறேன். இரவில் மாத்திரை கொடுப்பதும் என் வேலை. நான்காம் மாதத்தில் ஒரு நாள் என் பெயரைத் திருத்தமாகச் சொன்னார்கள். கல்வெட்டு எழுத்து ஒன்றைப் படித்துவிட்டதுபோல் மகிழ்ந்தேன்.

அன்புத் தோழியரே! உங்கள் வீட்டுப் பெரியவர்களின் முகம் திடீரென்று கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, என்னைப் போல் சிரித்துவிட்டு ஓடாதீர்கள். குடிக்கவோ தின்னவோ எதுவும் கொடுக்காதீர்கள். கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே 108-ஐ அழையுங்கள். தேர்வு அடுத்த முறையும் வரும். அந்த நாலரை மணி நேரம் திரும்ப வராது.

அப்பத்தாவை எங்களுக்கு விட்டு வைத்த இறைவனுக்கு நன்றி.