விழுந்த கட்டியைக் காட்டுங்கள்

"ஐஸ் மேக்கர் வேலை செய்யல" என்று போன் வந்தால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். கடைசியாக விழுந்த கட்டி பெட்டியில் கிடக்கிறதா? கிடந்தால் கொட்டிவிடாதீர்கள், நான் வந்து பார்க்கும்வரை அப்படியே இருக்கட்டும். பலருக்கு இது வேடிக்கையாக இருக்கும். ரிப்பேருக்குக் கூப்பிட்டால் மெஷினைப் பார்க்காமல் ஐஸைப் பார்க்கிறேன் என்கிறானே என்று. ஆனால் ஸ்க்ரூ டிரைவரை வெளியே எடுப்பதற்கு முன்பே பாதிக் கதையை அந்தக் கட்டி சொல்லிவிடும். மீதிக் கதை பெரும்பாலும் ஃப்ரிட்ஜுக்கு வெளியே, சமையலறைக் குழாயிலோ மொட்டைமாடித் தொட்டியிலோ இருக்கும்.

உள்ளே நடப்பது எளிமையான வேலை. ஃப்ரிட்ஜின் முதுகில் ஒரு வால்வு. கரண்டு பாய்ந்தால் திறக்கும், நின்றால் மூடும். திறந்திருக்கும் சில வினாடிகளில் தண்ணீர் மெல்லிய குழாய் வழியாக ஃப்ரீசருக்குள் ஏறி ட்ரேயில் விழுகிறது. ட்ரேயின் அடியில் ஒட்டிய சென்சார் குளிர்ந்துகொண்டே வந்து, இனி உறைந்திருக்கும் என்று போர்டுக்குச் சொன்னதும், மோட்டார் ட்ரேயைத் தலைகீழாகப் புரட்டி ஒரு முறுக்கு முறுக்குகிறது. கட்டிகள் கழன்று கீழே விழுகின்றன. பக்கத்தில் ஒரு கை இறங்கி, பெட்டி நிறைந்துவிட்டதா என்று தடவிப் பார்க்கிறது. நிறையவில்லை என்றால் மறுபடி தண்ணீர். இப்போது வரும் சைட் பை சைட் பெட்டிகளில் பெரும்பாலும் இந்த முறுக்கு ட்ரேதான். அமெரிக்காவிலிருந்து திரும்பியவர்கள் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்த பழைய பெட்டிகளில் வேறு வகை இருக்கும். உலோக அச்சு, அதன் அடியில் சுமார் 185 வாட் ஹீட்டர், பிறை வடிவக் கட்டிகள். ஹீட்டர் கட்டியின் தோலை மட்டும் இளக்கிவிட, ஒரு சீப்பு சுழன்று அவற்றைத் தள்ளிவிடும். இந்த வகையில் வால்வு ஏழரை வினாடி திறந்து, 140 மில்லி அளவுக்குத் தண்ணீர் விடும்.

கவனிக்க வேண்டியது அந்த வினாடிக் கணக்கைத்தான். மெஷின் தண்ணீரை அளந்து ஊற்றுவதில்லை, நேரத்தைத்தான் அளக்கிறது. ட்ரே நிறைந்ததா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. குழாயில் வேகம் இருந்தால் நிறையும், இல்லாவிட்டால் அரைகுறையாக நிற்கும். ஆகவே கட்டி தட்டையாக, சின்னதாக விழுந்தால் எனக்கு மெஷின் மேல் சந்தேகம் வருவதில்லை. தண்ணீர்தான் பற்றாக்குறை. கட்டி முழு உயரம் இருந்து, உடைத்தால் உள்ளே குழியாக, ஈரமாக இருந்தால் உறைவதற்கு முன்பே புரட்டிவிட்டது என்று அர்த்தம். சென்சாரை ட்ரேயோடு அழுத்திப் பிடித்திருக்கும் ஸ்பாஞ்ச் நகர்ந்து, ஃபேன் காற்று நேராகச் சென்சாரில் படுகிறதா என்று பார்ப்பேன். கட்டிகளெல்லாம் மேலே ஒரு பாளமாக ஒட்டிக்கொண்டு விழுந்தால் தண்ணீர் அதிகம், அல்லது ஃப்ரிட்ஜ் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. சாய்வுக்கு, ஃப்ரிட்ஜின் முன்பக்கக் கால்களில் இருக்கும் திருகைக் கொஞ்சம் திருப்பினால் போதும். காசு வாங்கவே கூச்சமாக இருக்கும் ரிப்பேர் அது.

தண்ணீர் வேகத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். சென்னையில் நான் பார்க்கும் ஐஸ் மேக்கர் தொல்லைகளில் பெரும்பாதி இதில்தான் வந்து நிற்கிறது. இந்த வால்வுகள் எல்லாமே தெருக்குழாயில் இருபத்து நான்கு மணி நேரமும் அழுத்தத்தோடு தண்ணீர் ஓடும் ஊர்களுக்காகப் பிறந்தவை. குறைந்தது 20 பிஎஸ்ஐ, அதிகபட்சம் 120 என்று புத்தகத்தில் போட்டிருப்பார்கள். நம் வீட்டில் என்ன இருக்கிறது? பத்து மீட்டர் உயரத்தில் தண்ணீர் நின்றால் கீழே சுமார் 14 பிஎஸ்ஐ கிடைக்கும். ஒரு மாடி வீட்டின் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து தரைத்தளத்துச் சமையலறைக்கு ஏழு மீட்டர் இருந்தால் 10 பிஎஸ்ஐ. அடுக்குமாடியில் மேல்தள வீடு என்றால் இன்னும் மோசம். தொட்டி தலைக்கு மேலேயே இருக்கிறது, மூன்று மீட்டர் இறக்கம், நான்கு பிஎஸ்ஐ. "எங்க வீட்டுக்கு மேலதானே சார் டேங்க், ப்ரஷர் நல்லா வருமே" என்பார்கள். பக்கத்தில் இருந்தால் வேகம் வராது, உயரத்தில் இருந்தால்தான் வரும்.

இதற்கு மேல் ஆர்.ஓ. சுவரில் மாட்டிய ஆர்.ஓ. பெட்டியின் சின்னத் தொட்டியிலிருந்து டியூப் போட்டு ஃப்ரிட்ஜுக்கு இணைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள் சில பிளம்பர்கள். அந்தத் தொட்டியின் தண்ணீர் தன் எடையால் மட்டுமே இறங்குவது, டம்ளர் பிடிக்கப் போதும். வால்வுக்கு அது அழுத்தமே இல்லை.

குறைந்த அழுத்தத்தால் கட்டி சின்னதாவது மட்டும்தான் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். அதைவிடப் பெரிய கெடுதல் ஒன்று உண்டு, அது பலருக்குத் தெரிவதில்லை. வால்வுக்குள் ஒரு ரப்பர் சவ்வு இருக்கிறது. காயில் தூக்குவது நடுவில் இருக்கும் சின்ன ஊசியை மட்டும்தான். சவ்வை மறுபடி இறுக்கி மூடுவது தண்ணீரின் அழுத்தமேதான். அழுத்தம் இல்லாவிட்டால் சவ்வு உட்காரும், ஆனால் இறுகாது. ஓரமாக ஒரு கசிவு நிற்காமல் இருக்கும். சொட்டு, பிறகு ஒரு சொட்டு. அது ட்ரேயில் போய் விழுவதற்கு முன், ஃப்ரீசருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் குழாயின் வாயிலேயே உறைந்துவிடுகிறது. அதன் மேல் இன்னொரு சொட்டு. சில நாளில் குழாய் அடைத்துக்கொள்கிறது. வீட்டுக்காரர் "ஐஸ் நின்னுபோச்சு" என்கிறார். வந்தவர் வால்வை மாற்றுகிறார், இரண்டு மாதத்தில் மறுபடி அதே கதை. அழுத்தத்தைச் சரிசெய்யாமல் எத்தனை வால்வு மாற்றினாலும் இதுதான் நடக்கும்.

குழாய் உறைந்திருக்கிறதா என்பதைக் காதால் கண்டுபிடிக்கலாம். பெட்டியைக் காலி செய்துவிட்டு, ஐஸ் மேக்கரின் அடியில் இருக்கும் டெஸ்ட் பட்டனை மூன்று நான்கு வினாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். ட்ரே முனகிக்கொண்டே புரளும், திரும்பி வரும், ஒரு நொடி அமைதி. பிறகு பின்பக்கம் வால்வு 'ம்ம்' என்று ரீங்காரமிடும். அதே நேரம் ட்ரேயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்க வேண்டும். ரீங்காரம் இருக்கிறது, தண்ணீர் இல்லை என்றால் பாதையில் அடைப்பு, அல்லது தண்ணீரே வரவில்லை. ரீங்காரமே இல்லை என்றால்தான் கரண்டு பக்கம் போக வேண்டும். டெஸ்ட் பட்டனைச் சும்மா சும்மா அழுத்தக் கூடாது. ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு ட்ரே தண்ணீர் ஊற்றும், கீழே பெட்டியில் வெள்ளம்.

உறைந்த குழாயை உருக்க என்னிடம் ஐம்பது மில்லி சிரிஞ்சும் அதன் முனையில் பேனா ரீஃபிலைவிடக் கொஞ்சம் தடிமனான ஒரு சிலிகான் டியூபும் உண்டு. ட்ரேயைக் கழற்றி, கீழே ஒரு துண்டை விரித்து, டியூபைக் குழாய்க்குள் பனியில் முட்டும்வரை நுழைத்து, வெதுவெதுப்பான தண்ணீரை மெல்ல மெல்ல விட வேண்டும். விட்ட தண்ணீர் முதலில் திரும்பிக் கையிலேயே வழியும். டியூப் ஒரு நூல் முன்னேறும், நிற்கும், மறுபடி ஒரு நூல். பிறகு ஒரு கணத்தில் எதிர்ப்பு விட்டுப்போய் உள்ளே இழுத்துக்கொள்ளும். சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பனிக்குச்சி சறுக்கிக்கொண்டு வந்து துண்டில் விழும். ஹேர் டிரையர் பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். உள்பக்கப் பிளாஸ்டிக் வளைந்துவிடும், ஈரக் கையில் கரண்டு சாமான் வேறு. கத்தி, ஊசி எதுவும் வேண்டாம்.

உருக்கியபின் செய்ய வேண்டிய வேலை வெளியேதான். பிரஷர் சுவிட்ச் வைத்த சின்னப் பம்ப் ஒன்றை ஆர்.ஓ.வுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவில் போட்டுவிடுவேன். வால்வு திறந்தால் ஓடும், மூடினால் நிற்கும். கேன் தண்ணீர் வைத்திருக்கும் வீடுகளிலும் இதே ஏற்பாடுதான். ஆனால் கேன் தீர்ந்துபோனது ஃப்ரிட்ஜுக்குத் தெரியாது, அது காற்றை ஊற்றிக்கொண்டு வெறும் ட்ரேயைப் புரட்டிக்கொண்டே இருக்கும். ஆர்.ஓ. இருக்கும் வீட்டில் ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் ஃபில்டரைக் கழற்றி, கூடவே கொடுத்த பைபாஸ் மூடியைப் போட்டுவிடலாம். இருக்கிற கொஞ்ச வேகத்தையும் அந்த ஃபில்டர் குடிக்க வேண்டாம்.

அந்த ஃபில்டரைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை ஊரெங்கும் இருக்கிறது, அது உப்பை எடுக்கும் என்று. அதற்குள் இருப்பது கரி. குளோரின் வாடையை எடுக்கும், கரைந்த உப்பைத் தொடாது. கடலோரப் பகுதிகளில் போர் தண்ணீரின் டி.டி.எஸ். ஆயிரத்தைத் தாண்டுவது சாதாரணம். அந்தத் தண்ணீரை நேராக இணைத்தால் ஜூஸ் டம்ளரில் ஐஸ் கரைந்த பிறகு அடியில் வெள்ளைத் தூள் தங்கும். "மெஷின்லேர்ந்து பெயின்ட் உதிருது" என்று ஒரு மாமி என்னிடம் அடித்துச் சொன்னார். அது சுண்ணாம்பு. உறையும்போது தண்ணீர் தன்னிடம் கரைந்திருப்பதை வெளியே தள்ளிக்கொண்டே உறைகிறது. ட்ரேயில் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் உறைவதால் தள்ளப்பட்டதெல்லாம் நடுவில் மாட்டிக்கொள்கிறது, கூடவே காற்றும். கட்டியின் வயிற்றில் தெரியும் வெள்ளை அதுதான். ஏரி மேலிருந்து கீழாக மட்டுமே உறையும், அழுக்கெல்லாம் அடித் தண்ணீருக்குப் போய்விடும். பாஸ்டனிலிருந்து ஃபிரெடரிக் ட்யூடர் கப்பலில் அனுப்பி, 1842-இல் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் கட்டிய ஐஸ் ஹவுஸில் இறக்கிவைத்த பனி அப்படி ஏரியில் வெட்டியது. அந்தக் கட்டடம்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அந்த ஐஸ் ஞாபகம்தான் வரும், தொழில் புத்தி.

வாடைப் புகார்களுக்கு மெஷினைத் திறக்கவே வேண்டியதில்லை. ஒரே ஃபேன் இரண்டு அறைக்கும் காற்றடிக்கும் பெட்டிகளில், கீழே மூடாமல் வைத்த மீன் குழம்பு மேலே ஐஸுக்குப் போய்ச் சேரும். மயிலாப்பூரில் ஒரு வீட்டில் எலுமிச்சை ஜூஸெல்லாம் மல்லிகை மணக்கிறது என்று கூப்பிட்டார்கள். காய்கறி ட்ரேக்கு மேல் ஈரத் துணியில் சுற்றி நான்கு முழம் பூ. "பூவை டப்பால போட்டு மூடி வைங்கம்மா" என்று சொல்லிவிட்டு, பழைய ஐஸைக் கொட்டி, பெட்டியை வெந்நீரில் சோடா உப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்தேன். வேறொன்றும் இல்லை.

கட்டிகள் பெட்டிக்குள் ஒட்டிப் பாறையாவதற்கு இரண்டு காரணம். கரண்டு போய் வந்திருக்கும், அல்லது யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். ஃபேன் காற்றில் பழைய கட்டிகள் மெல்லத் தேய்ந்து, மழுங்கி, ஒன்றோடு ஒன்று பிடித்துக்கொள்ளும். விருந்தாளி வந்தால் மட்டும் ஐஸ் தேடும் வீட்டில் வாரத்துக்கு ஒருமுறை கொட்டிவிடுவது நல்லது. பாறையானதைக் கரண்டியால் இடித்து, கட்டியைத் தள்ளிவரும் திருகுக்கம்பியின் மோட்டாரை உடைத்துக்கொண்டவர்கள் உண்டு.

குளிர் பக்கத்தை நான் சீக்கிரம் முடித்துவிடுவேன். ஃப்ரீசரில் மைனஸ் பதினெட்டு இருக்க வேண்டும். ஐஸ்க்ரீம் கரண்டிக்கு வெண்ணெயாக வழிந்தால் ஐஸ் மேக்கரை மறந்துவிடலாம். மாடுலர் கிச்சன் பலகைகளுக்கு நடுவில் மூச்சுவிட இடமில்லாமல் சொருகிய பெட்டியா, கேஸ்கெட் விரிசலா, கேஸ் குறைவா என்று பார்க்க வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் வரும் போன்கள் பாதி இந்த ரகம்.

போர்டு கடைசி. எங்கள் தொழிலில் பலர் அதை முதலில் மாற்றிவிடுகிறார்கள், அது எனக்குப் பிடிக்காத பழக்கம். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு வால்வுக் காயிலில் மீட்டர் வைத்தால் முள் அசைகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும், ஐந்து நிமிட வேலை. மோட்டார் ஓடியும் ட்ரே திரும்பாமல் உள்ளே 'டக் டக்' என்று தவறினால் பல்சக்கரம் தேய்ந்துவிட்டது, முழு யூனிட்டையும் மாற்றுவதுதான் வழி. உதிரிச் சக்கரம் தேடி அலைவது வீண். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் ஒன்று பார்த்தாக வேண்டும். கதவில் இருக்கும் 'ஐஸ் ஆஃப்' பட்டனைக் குழந்தைகள் அழுத்தியிருக்கிறார்களா? சிரிக்காதீர்கள். அந்தப் பட்டனுக்காக வண்டியை எடுத்துக்கொண்டு தாம்பரம்வரை போயிருக்கிறேன்.

எல்லாம் சரிசெய்துவிட்டு வந்த பிறகும் ஒரு போன் நிச்சயம் வரும். புதிதாகக் குளிர்ந்து, முதல் ட்ரே உறைந்து, பெட்டி ஓரளவு நிறைய ஒரு நாள் முழுக்க வேண்டும் என்று கிளம்பும்போது சொல்லிவிட்டுத்தான் வருவேன். இருந்தாலும் ராத்திரி எட்டு மணிக்கு மணி அடிக்கும்.

"தம்பி, நீங்க போயி அஞ்சு மணி நேரம் ஆச்சு. ஒரு கட்டிகூட விழலையே?"

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாருங்கம்மா. நடுவுல கதவைத் திறந்து திறந்து பார்க்காதீங்க. முதல் ரெண்டு தடவை விழுறதைக் கொட்டிடுங்க, குழாய்ல தங்கின பழைய தண்ணி அதுல இருக்கும்."

"அப்ப மூணாவதுலேர்ந்து போட்டுக்கலாமா?"

"போட்டுக்கலாம்மா. அதுல ஒண்ணே ஒண்ணை மட்டும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிடுங்க."