மதுரையைவிட யாழ்ப்பாணம் பக்கம்! சென்னையிலிருந்து பறக்க எவ்வளவு நேரம்?

சென்னைக்கு எது பக்கம்... மதுரையா, யாழ்ப்பாணமா? அலுவலகத்தில் நாலு பேரிடம் கேட்டேன். நாலு பேரும் யோசிக்காமல் மதுரை என்றார்கள்.

வரைபடத்தில் நேர்கோடு போட்டுப் பாருங்கள். சென்னை, மதுரை விமான நிலையங்களுக்கு இடையே சுமார் 420 கி.மீ. யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையமோ சுமார் 355 கி.மீ.தான்! மீனம்பாக்கத்துக்கு ஏறக்குறைய நேர் தெற்கே இருக்கிறது.

பயண நேரம்? அட்டவணையில் ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரம் வரை போட்டிருப்பார்கள். இந்த வழியில் பறப்பது ஏ.டி.ஆர் ரகச் சின்ன விமானம். எழுபது சொச்சம் இருக்கைகள், மணிக்கு சுமார் 500 கி.மீ வேகம். கணக்குப்படி முக்கால் மணி நேரம் போதும். ஆனால், ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாம் அட்டவணையில் சேர்ந்துவிடும். வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்பே போய் உட்கார வேண்டியிருப்பது தனிக் கதை. கடிகாரத்தை மட்டும் மாற்ற வேண்டாம். 2006 முதல் இரண்டு நாடுகளுக்கும் ஒரே நேரம்தான்.

இது புது வழியும் இல்லை. 1947 டிசம்பரில் ஏர் சிலோன் விட்ட முதல் விமானமே கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்கு வந்ததுதான். போர் வந்தது, பலாலி ராணுவத் தளமானது, வழி அடைபட்டது. 2019 நவம்பரில் அலையன்ஸ் ஏர் மறுபடி பறக்க ஆரம்பித்தது. சில மாதங்களில் கொரோனா! மீண்டும் தொடங்கியது 2022 டிசம்பரில். பிறகு இண்டிகோவும் வந்தது. 2025 மார்ச்சில் திருச்சியிலிருந்தும் விமானம் கிளம்பியது. அது இன்னும் கிட்டே, 185 கி.மீ போல.

அந்த இடைப்பட்ட காலத்தில் 355 கி.மீ என்னவாக இருந்தது என்பதை, வளசரவாக்கத்தில் வசிக்கும் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் சொன்னார். 2018-ல் ஒருநாள் காலையில் அவருடைய தாயார் இறந்த செய்தி வந்தது. கொழும்புக்கு டிக்கெட் கிடைத்தது மாலையில். கட்டுநாயக்காவில் இறங்கி, இரவெல்லாம் வேனில் வடக்கே போனார். கிட்டத்தட்ட எட்டு மணி நேரம். சுன்னாகத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது தகனம் முடிந்திருந்தது. “இப்ப எண்டால் ஒரு தேத்தண்ணி குடிச்சு முடிக்க முன்னம் பலாலி வந்திடும், பிள்ளை” என்கிறார்.

போகிறவர்களுக்கு ஒரு டிப்ஸ். ஏ.டி.ஆரில் இறக்கை ஜன்னலுக்கு மேலே இருக்கும், கீழே பார்க்கத் தடையில்லை. போகும்போது வலப்பக்க ஜன்னல் கேளுங்கள், தமிழகக் கடற்கரை அந்தப் பக்கம்தான். பிறகு கொஞ்ச நேரம் வெறும் கடல். அப்புறம் செம்மண், வெங்காயத் தோட்டங்கள், பனை.

அந்த அம்மா எந்தப் பக்கம் உட்காருவார் என்று கேட்டேன். இறங்கும்போது இரண்டு பக்கமும் எட்டிப் பார்ப்பாராம். அவருடைய அப்பா கட்டிய வீடு ஓடுபாதைக்குப் பக்கத்தில், இன்னும் விடுவிக்கப்படாத ராணுவ வேலிக்குள் இருக்கிறது.

“மேல இருந்து ஒரு நிமிசம் தெரியும். கீழ இறங்கினால் போகேலாது.”